ஜெயராணி வடித்த கஞ்சி

பத்து மணிக்கு மேல் அந்தக் காலனியில் புகை எழும்பினால் அது சத்துணவுக்கூடத்துப் புகைதான். வீட்டு அடுப்புகள் அதற்குள் அவிந்துபோயிருக்கும். ஆம்பளையும் பொம்பளையும் கரும்புக் கொல்லைக்கோ முந்திரிக் காட்டுக்கோ போயிருப்பார்கள். குறிஞ்சிப்பாடியிலிருந்து தெற்கே பிரிகிற தார் ரோட்டில் வருகிறவர்களுக்கு, பள்ளிக்கூடத்து ஓட்டுக்கு மேலே அந்த ஒற்றைப் புகைதான் முதலில் தெரியும். அதை மூட்டுகிறவள் ஜெயராணி.

புருஷனை இழந்தவள் என்கிற தகுதியில் கிடைத்த வேலை அது. தகுதி என்றுதான் ஆபீசில் சொன்னார்கள். அந்தச் சொல்லைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் அடுப்பின் முன்னால் உட்கார்ந்த முதல் நாளிலேயே அந்த இடம் அவளுக்கு ஒட்டிப்போயிற்று. வேலை சமையல் உதவி என்றுதான் பேர். சமையலர் பணியிடம் காலியாகவே கிடந்ததால் உலை வைப்பதிலிருந்து பாத்திரம் கழுவுவது வரை எல்லாம் அவள்தான்.

பிள்ளைகள் அவளை ஆயா என்று கூப்பிட்டார்கள்.

“முப்பது வயசு ஆவல, அதுக்குள்ள ஆயாவாடி நானு?” என்பாள்.

“ஆயா, இன்னைக்கி முட்டையா?” என்று அதற்கும் ஆயா போட்டே பதில் வரும்.

காலனிப் பிள்ளைகளில் பாதிப் பேர் வெறும் வயிற்றோடு வருகிறவர்கள். விடியலிலேயே கரும்பு வெட்டப் போகிற வீட்டில் யார் அடுப்பு மூட்டுவது? மத்தியானம் வரை அதுகள் தாங்காது. அதனால் ஜெயராணி சோற்றை வடித்ததும் அந்தக் கஞ்சியில் உப்புப் போட்டு, பள்ளிக்கூடத்து எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றி, இடைவேளை மணிக்கு வாசலில் வைத்துவிடுவாள். இது எந்தச் சட்டத்திலும் இல்லை. பெரிய வாத்தியார் சுப்பிரமணியன் பார்த்தும் பார்க்காதவர்போல் போவார். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துப் பிள்ளைகள் ஊதி ஊதிக் குடிக்கிற சத்தம் இருக்கிறதே, அது கேட்டால் அவளுக்கு அன்றைய பொழுது நல்ல பொழுது. தனக்குப் பிள்ளை இல்லை என்கிற நினைப்பு அந்தச் சத்தத்தில் கொஞ்ச நேரம் கரையும்.

அவள் புருஷன் பொன்னுரங்கம் போர்வெல் போடுகிற வண்டியில் வேலைக்கு வடக்கே போனவன். மாசக் கணக்கில் வரமாட்டான். கடைசியாக வந்தபோது சட்டைக்குள் ஆள் இருக்கிறானா என்று தேடவேண்டியிருந்தது. டி.பி. என்றார்கள். இரண்டாயிரத்து நாலு மார்கழியில் செத்துப்போனான். அவன் படுத்த பாயையும் சாப்பிட்ட தட்டையும் அவன் வீட்டார் குட்டையில் கொண்டுபோய் வீசினார்கள். டி.பி.க்கே அப்படி.

டி.பி. மட்டும் இல்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும். கடலூர் பெரிய ஆஸ்பத்திரியில் நம்பிக்கை மையம் என்று போர்டு போட்ட அறையில் ஒரு அம்மா அவளை உட்காரவைத்து, கதவைச் சாத்தி, நிதானமாகச் சொன்னார். அவனுக்கு இருந்த கிருமி அவளுக்கும் இருக்கிறது. இதனால் நாளைக்கே சாகப்போவதில்லை. எதனால் பரவும், எதனால் பரவாது, எப்போது வந்து பார்க்கவேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னார். ஜெயராணி எல்லாவற்றையும் கேட்டு, முந்தானையில் முடிந்துகொண்டு, பஸ் ஏறிப் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். அப்பனிடம் சொல்லவில்லை. தம்பியிடமும் சொல்லவில்லை.

தம்பி அருள்முருகன் அப்போது பன்னிரண்டாவது. அம்மா செத்தபோது அவனுக்கு அரை டிராயர் நிற்காத வயசு. ஜெயராணிதான் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கூடத்துக்குத் துரத்தி வளர்த்தாள். அவன் சிதம்பரத்துக் கல்லூரியில் விலங்கியல் சேர்ந்தபோது அந்தத் தெருவில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். வடலூரில் பஸ் மாறிப் போய் வருவான். சாயங்காலம் அவன் சட்டைப் பையில் பேனா செருகியபடி ரோட்டிலிருந்து இறங்கி வருவதைப் பார்க்கவே அப்பா சின்னையன் தெருமுனையில் கிடக்கிற முனைக்கல்லில் போய் உட்கார்ந்திருப்பார். கேட்டால் காத்து வாங்குகிறேன் என்பார்.

இரண்டாம் வருஷம் அவன் ரெட் ரிப்பன் கிளப்பில் சேர்ந்தான். மாணவர்களே மாணவர்களுக்கு எச்.ஐ.வி. பற்றிச் சொல்லிக்கொடுக்கிற சங்கம். வாத்தியார் சொன்னால் பையன்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள், கூடப் படிக்கிறவன் சொன்னால் கேள்வி கேட்பார்கள் என்பது அதன் கணக்கு. மூன்று நாள் பயிற்சி முடித்து, சட்டையில் சிவப்பு ரிப்பன் குத்திக்கொண்டு வந்தான்.

“அக்கா, இப்டி வந்து ஒக்காரு. நீதான் ஸ்டூடன்ட்டு.”

“நான் அஞ்சாவதுடா.”

“அதான் கரெக்ட்டு. ஒனக்குப் புரிஞ்சா எல்லாத்துக்கும் புரியும். சொல்லு, கொசு கடிச்சா எச்.ஐ.வி. வருமா?”

“வராது.”

“அட. எப்டிச் சொல்ற?”

“நீதான நேத்து சொன்ன.”

“நேத்து நான் ஆரம்பிக்கவே இல்லியே.”

“டி.வி.ல சொன்னாங்க,” என்று சொல்லி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவன் வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொண்டே போனான். தொட்டா வராது. கட்டிப் புடிச்சா வராது. ஒரே தட்டுல சாப்ட்டா வராது. ஒரே டம்ளர்ல குடிச்சா வராது. ஆஸ்பத்திரி அம்மாவுக்குப் பிறகு இந்த வார்த்தைகளைச் சொன்ன முதல் ஆள் தன் தம்பிதான் என்று நினைத்தபோது அவளுக்கு ஈர விறகு ஊதிய மாதிரி கண்ணைக் கரித்தது. யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமலே சொல்கிறான். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது.

“அப்புறம் தண்ணி வெளையாட்டு ஒண்ணு இருக்குக்கா. பத்துப் பேரு தண்ணி வெச்சிக்கிணு நிப்பாங்க. ஒருத்தர் தண்ணில மட்டும் யாருக்கும் தெரியாம கஞ்சி கலந்திருக்கும். எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் தண்ணிய ஊத்தி மாத்திக்குவாங்க. கடசீல ஒரு சொட்டு டிஞ்சர் வுடுவோம். கஞ்சி கலந்த தண்ணியெல்லாம் நீலமாப் பூடும். ஒருத்தர்கிட்ட இருந்தது எத்தினி பேருக்குப் போயிருக்கு பாருன்னு காட்றது. பாத்தாத் தெரியாதுன்னு சொல்றது.”

“தண்ணி மாத்துறதுன்னா இன்னாடா அர்த்தம்?”

அருள்முருகன் நிறுத்தினான். காது மடல் சிவந்தது.

“இங்க ஒரு வரி வரும். அத நான் காலேஜுல சொல்லிக்குவேன்.”

அவள் சிரித்துக்கொண்டாள். அக்காவிடம் சொல்லக்கூடாத வரி எது என்று அவளுக்கா தெரியாது.

அடுத்த மாசியில் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் அந்தக் காலனிக்கே வந்தது. அருள்முருகன்தான் சாரிடம் அடம்பிடித்துத் தன் ஊருக்குக் கொண்டுவந்தான். மாணவர்கள் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். தூர்ந்த ஓடையை வெட்டினார்கள், கோயிலுக்கு வெள்ளையடித்தார்கள். கிளப்பில் அவனோடு ஜோடியாகப் பேசுகிற பெண் சிவப்ரியாவும் வந்திருந்தாள். சிதம்பரத்தில் நடராசர் கோயிலைச் சுற்றின வீதியில் வீடு. அப்பா சிற்சபேசன் பிடிவாதக்காரர், முகாமுக்கு அனுப்பவைக்கவே தான் ஒரு வாரம் அழுததாகச் சொன்னாள். கல்லூரியில் அந்தத் தண்ணி விளையாட்டின் போது, “தண்ணி மாத்துறதுன்னா பாதுகாப்பில்லாத உடலுறவு” என்று விசிலுக்கு நடுவே கண்சிமிட்டாமல் சொல்கிறவள் அவள்தான் என்று அருள்முருகன் வீட்டில் ஒரு முறை மெச்சியிருக்கிறான். மெச்சும்போதும் அந்த வரியை மட்டும் விழுங்கிவிட்டுத்தான்.

கடைசி நாள் சாயங்காலம் கூட்டம். விளையாட்டுக்கென்று கொண்டுவந்த பிளாஸ்டிக் கப்பெல்லாம் பஸ்ஸில் படுக்கைகளுக்கு அடியில் சிக்கி நசுங்கிப்போயிருந்தது. அருள்முருகன் சத்துணவுக்கூடத்துக்கு ஓடிவந்தான்.

“அக்கா, பள்ளிக்கூடத்து டம்ளரக் குடு. கொஞ்சம் கஞ்சியும் குடு.”

அவள் கொடுத்தாள்.

பள்ளிக்கூடத்து முற்றத்தில் டியூப்லைட் போட்டிருந்தார்கள். முன்வரிசையில் சின்னையன், வெளுத்த சட்டை போட்டு, மகன் மைக் பிடிப்பதைப் பார்க்க. ஒரு பக்கம் மாமன்மார், மச்சான்மார். இன்னொரு பக்கம் அத்தைமார், சித்திமார். டம்ளர் பிடிக்கப் பத்துப் பேர் கூச்சத்தோடு எழுந்து வந்தார்கள். தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினார்கள். அருள்முருகன் மைக்கை வாய்க்கருகில் கொண்டுபோனான்.

“இப்ப இந்தத் தண்ணி மாத்துறதுன்னா...”

எதிரே அப்பா. அப்பாவுக்குப் பின்னால், தூணில் சாய்ந்து அக்கா. இரண்டு பேரையும் பார்த்தான். மைக்கைக் கை மாற்றிப் பிடித்தான். பக்கத்திலிருந்த சிவப்ரியா அவனைப் பார்த்தாள். அவன் ஊர், அவன் சொல்லட்டும் என்று இருந்துவிட்டாள்.

“இந்தத் தண்ணி மாதிரிதான். ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்குப் போவுது. பாத்தாத் தெரியாது,” என்று முடித்துவிட்டான்.

டிஞ்சர் சொட்டியது. டம்ளரைச் சாய்த்துக் காட்டக் காட்ட, கண்மை கரைத்த மாதிரி நீலம். கூட்டம் எக்கிப் பார்த்தது.

“டேய் மச்சான், எம் பொண்டாட்டி டம்ளர்ல நீலம் வந்திருச்சே, நான் இன்னாடா பண்றது?” என்று டம்ளர் பிடித்து நின்றவர்களில் ஒருவன் கத்தினான்.

“மொதல்ல ஒன்னுத காட்டு மாமா,” என்றான் அருள்முருகன்.

அவனுடையதும் நீலம். முற்றமே சிரித்து உருண்டது.

சிரிப்பு அடங்கினதும் தில்லையம்மாள் எழுந்தாள். காலனியில் பிரசவமானாலும் சாவானாலும் முன்னால் நிற்கிற பொம்பளை. எதையும் பாதியில் விடமாட்டாள். “ஏம்ப்பா அருளு, இத்தினி டம்ளருக்கும் போச்சுன்ற. மொதல்ல அது எதுல இருந்து வந்துச்சு?”

நல்ல கேள்வி கேட்டால் பாராட்டவேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். “நல்ல கேள்வி அத்த. கஞ்சிலேருந்துதான். எங்க அக்கா வடிச்ச கஞ்சி.”

எல்லோரும் கை தட்டினார்கள். தூணோரம் நின்ற ஜெயராணிக்கு மட்டும் உடம்பு ஒரு தடவை சிலிர்த்து அடங்கியது. ஒன்றுமில்லை, காற்று என்று முந்தானையைப் போர்த்திக்கொண்டாள். மறுநாள் டம்ளர்களின் அடியில் ஒட்டியிருந்த நீலத்தைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிவைத்தாள். பிள்ளைகள் எப்போதும்போல ஊதி ஊதிக் கஞ்சி குடித்தார்கள்.

கோடை லீவில் அவளுக்கு எச்.ஐ.வி.க்கான கூட்டு மாத்திரை ஆரம்பித்தார்கள். இனி மாசாமாசம் கடலூர் போகவேண்டும். வாங்கிக்கொண்டு நம்பிக்கை மைய அறையை விட்டு வெளியே வந்தவள், எதிரே தில்லையம்மாளைப் பார்த்தாள். வாயும் வயிறுமாக இருந்த மருமகளை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிவந்திருந்தாள்.

“இன்னாடி ராணி, இங்க?”

“தலவலி அத்த.”

தில்லையம்மாள் மேலே போர்டைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த பையைப் பார்த்தாள்.  திரும்பி வருகையில் ஒரே பஸ்தான். எப்போதும் பக்கத்தில் இடம் போட்டுக் கூப்பிடுகிற அத்தை அன்று முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பள்ளிக்கூடம் திறந்தது. முதல் நாள் ஒரு பிள்ளை டிபன் டப்பாவோடு வந்தது. அந்த வாரக் கடைசியில் வரிசை வரிசையாக டப்பாக்கள். ஒரு டப்பாவில் வெறும் சோறும் ஊறுகாயும். இன்னொன்றில் அதுவும் இல்லை, முறுக்குப் பொட்டலம். டப்பா கொடுத்துவிட வக்கில்லாத வீட்டுப் பிள்ளைகள் வேப்பமரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தன. இடைவேளை மணி அடித்தது. வாசலில் வைத்த டம்ளர்களில் கஞ்சி ஆடை கட்டியது.

“வாடி, சூடு ஆறிப்போவுது,” என்று ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டாள். தினமும் இரண்டு டம்ளர் குடிக்கிறவள் அவள்.

அது எட்டவே நின்றது. “வேணாம் ஆயா. ஒங் கஞ்சி குடிச்சா நீலமாப் பூடுவேன்னு எங்கம்மா சொல்லுது.”

ஜெயராணி டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கஞ்சியைத் தென்னம்பாத்தியில் ஊற்றினாள்.

தெருக்குழாயில் பேச்சு காதில் விழுந்தது. அன்னிக்கே அவ தம்பி காட்டுனான். படிச்ச புள்ள பொய் சொல்லுமா. அவ கஞ்சிதான் மொத டம்ளரு, நம்ம கண்ணால பாத்தமே.

பெரிய வாத்தியார் அவளைக் கூப்பிட்டார். “எனக்கு ஒண்ணுமில்லம்மா. நான் படிச்சவன். ஆனா பெத்தவங்க ஒத்துக்கணுமே. புள்ளைங்க பட்டினியா ஒக்காந்திருக்கு. மேல எழுதுனா ஒம் பேரு ஊரெல்லாம் நாறும். நீயே யோசிச்சுச் சொல்லு.” சொல்லும்போது மேசைமேல் இருந்த தண்ணீர்ச் சொம்பை, அறியாமலேயே, அந்தப் பக்கமாக நகர்த்திவைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பியைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டுச் சொன்னாள். பொன்னுரங்கத்தில் ஆரம்பித்து மாத்திரை வரை.  முடிந்ததும் அருள்முருகன் அவள் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

“இத்தினி நாளு ஒன்னியவே ஒக்கார வெச்சு ஒனக்கே பாடம் நடத்தியிருக்கேன். ஒரு தடவ சொல்லியிருக்கக் கூடாதா?”

“நீ சொல்றதக் கேக்க நல்லாருந்துச்சுடா.”

அவன் அழுதான். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “புள்ளைங்க ஏன் சாப்புடல?” என்றான்.

“ஆஸ்பத்திரில பாத்துட்டாங்க. அதான்.”

நீலத்தைப் பற்றி அவள் சொல்லவில்லை. அந்த வருஷம் அவன்தான் கிளப்புக்கே தலைவன். வேறு கல்லூரிகளில் இருந்தெல்லாம் பேசக் கூப்பிடுகிறார்கள். அவன் கையிலிருக்கும் மைக்கைத் தானே பிடுங்குவதா? அடுப்பு போனாலும் போகட்டும், அவன் வாய் அடைபடக்கூடாது என்று நினைத்தாள்.

அடுப்பைக் காப்பாற்ற அருள்முருகன் ஒரு வழி கண்டுபிடித்தான். யூனியன் ஆபீசிலிருந்து விசாரிக்க ஒரு மேடம் வரும் நாளில் கிளப் மாணவர்கள் பத்துப் பதினைந்து பேர் வந்து, பெற்றவர்கள் பார்க்க, அக்கா சமைத்ததைப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது. வாயால் சொன்னது ஏறவில்லை என்றால் சாப்பிட்டுக் காட்டுவது. மேடமும் ஒத்துக்கொண்டார். “பேரன்ட்ஸ் சரின்னா எனக்கென்னப்பா, அந்தம்மாவே இருக்கட்டும்.”

ஜெயராணி அன்று விடியலிலேயே போய்விட்டாள். சாம்பார் சாதம், முட்டை, உருளைக்கிழங்கு. உப்பை இரண்டு தடவை பார்த்தாள். காலனி ஜனம் வேலியோரம் நின்றது. சின்னையன் வேலிக்கு உள்ளே வராமல் முனைக்கல்லிலேயே உட்கார்ந்துகொண்டார்.

மாணவர்கள் சாப்பிட்டார்கள். பேசிச் சிரித்துச் சாப்பிட்டார்கள். சிவப்ரியா முட்டையைப் பக்கத்துத் தட்டில் தள்ளிவிட்டு, “அக்கா, இன்னும் கொஞ்சம் சாதம்,” என்று கேட்டு வாங்கினாள். விரலை வழித்துச் சாப்பிட்டாள். வேலியோரம் இறுக்கம் தளர்வது கண்ணுக்கே தெரிந்தது. ஒருவன், “சாம்பார் வாசன இங்க வரைக்கும் வருதே,” என்றான். தில்லையம்மாள் பேரனின் முதுகில் கைவைத்துப் பந்திப் பக்கமாக ஒரு தள்ளுத் தள்ளியதை ஜெயராணி பார்த்தாள். கரண்டியைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது.

அப்போது சிவப்ரியாவுக்கு விக்கல் எடுத்தது. அருள்முருகன் பள்ளிக்கூடத்து டம்ளரில் தண்ணீர் மொண்டு கொடுத்தான். அவள் வாங்கி, அண்ணாந்து, டம்ளரை உதட்டுக்கு மேலே தூக்கிப் பிடித்து, ஒரு சொட்டு சிந்தாமல் கடகடவென்று ஊற்றிக்கொண்டாள்.

வேலியோரம் பேச்சு நின்றது.

“வாய் வைக்கல பாத்தியா,” என்றது ஒரு குரல்.

“சோறு துன்னுது, டம்ளர்ல மட்டும் வாய் வைக்க மாட்டேங்குது. படிச்ச பொண்ணு, அதுக்குத் தெரியாதா?”

தில்லையம்மாளின் கை பேரனின் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தது.

அருள்முருகன் அதே டம்ளரைப் பிடுங்கி, மொண்டு, வாயை வைத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று குடித்தான். மார்பெல்லாம் தண்ணீர். “இவன் குடிப்பான், அக்காவாச்சே,” என்றார்கள். சிவப்ரியா மட்டும் எதுவும் புரியாமல், விக்கல் நின்ற முகத்தோடு எல்லோரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடம் போகும்போது ஜெயராணியின் தோளில் கைவைத்து, “கொஞ்ச நாளு வீட்ல இரும்மா,” என்றார். எழுத்தில் ஒன்றும் இல்லை. வாய்ச்சொல்தான். அடுத்த திங்கட்கிழமை அடுப்பில் கொளஞ்சியம்மாள் உட்கார்ந்தாள். அதே காலனி, பாவப்பட்ட பொம்பளைதான். பிள்ளைகள் டப்பாவை வீட்டில் வைத்துவிட்டு வந்தார்கள். பத்து மணிக்கு மேல் புகை எழும்பியது. ஜெயராணி அந்த நேரத்தில் வீட்டுக் கதவைச் சாத்தி வைத்துக்கொள்ளப் பழகினாள்.

வடலூர் பஸ் ஸ்டாண்டில் வைத்து அருள்முருகன் சிவப்ரியாவைக் கண்டபடி பேசியிருக்கிறான்.  மறு ஞாயிறு அவள் ஒரு தோழியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வீடு தேடி வந்து நின்றாள். அருள்முருகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“அக்கா, குடிக்கத் தண்ணி குடுங்க.”

ஜெயராணி கொடுத்தாள். சிவப்ரியா டம்ளரின் விளிம்பை உதட்டில் அழுத்திவைத்துச் சாய்த்தாள். பிறந்தது முதல் பழகாத வேலை. தண்ணீர் மூக்கில் ஏறிப் புரையேறி, இருமி, கண்ணெல்லாம் நீர்.

“வேணாம் பாப்பா. ஒங்க பழக்கத்துலயே குடி.”

“எங்க வீட்ல யாரும் வாய் வச்சுக் குடிக்க மாட்டோம்க்கா. எங்க அம்மா டம்ளர்லகூட நான் வாய் வச்சதில்ல. எச்சில்னு வளத்துட்டாங்க. எனக்கு அது ஞாபகமே வரல. சத்தியமா ஞாபகமே வரல.” இருமலும் அழுகையும் ஒன்றாக வந்தது. “ஆனா ஒண்ணுதான் எனக்குப் புரியல. சோத்தப் பாக்காம அவங்க ஏன்க்கா டம்ளரையே பாத்தாங்க?”

ஜெயராணி கீழே சிந்திய தண்ணீரைத் துணியால் துடைத்தாள். பிறகு, இந்தப் பெண்ணின் தலையில் இந்தப் பழி நிற்கக்கூடாது என்று தோன்றியது.

“அவுங்க நீலத்தப் பாத்தவுங்க பாப்பா. அதான்.”

“எந்த நீலம்?” என்று திரும்பினான் அருள்முருகன்.

“நீ காட்டுனது. எங் கஞ்சிலேருந்து மொத டம்ளருக்கு வந்து, டம்ளர்லேருந்து டம்ளருக்குப் போச்சே, அது. அவுங்க கண்ணால பாத்தாங்கடா.”

அவன் சுவரில் சாய்ந்து மெதுவாகக் கீழே உட்கார்ந்தான். 

“அத வுட்டுர்றேன்க்கா. கை குலுக்குற வெளையாட்டு ஒண்ணு இருக்கு. அத வெச்சி...”

“அப்பறம் கையையும் தொடமாட்டாங்க.”

சிவப்ரியாவுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. ஜெயராணிக்கும் வந்தது. அவனுக்கு வரவில்லை.

“டம்ளர்ல தப்பில்லடா அருளு. இங்க ஒரு வரி வரும்னியே. அத நீ சொல்லல.”

“அப்பா இருந்தாரு. நீ இருந்த.”

“ஆமா. நாங்க இருந்தோம்.”

அடுத்த மாசியில், கடைசி வருஷப் படிப்பு முடிகிற சமயத்தில், அருள்முருகன் மறுபடி அதே முற்றத்தில் கூட்டம் போட்டான். அதே டியூப்லைட். அதே டம்ளர்கள். கஞ்சி மட்டும் கொளஞ்சியம்மாள் வடித்தது. ஜெயராணி வரமாட்டேன் என்றாள். சின்னையன்தான், “நீ வராம அவன் எப்டிச் சொல்லுவான், வா,” என்று முன்னால் நடந்தார்.

தண்ணீர் மாற்றி ஊற்றினார்கள். அருள்முருகன் மைக்கைப் பிடித்தான். அப்பாவைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். சொன்னான். உடலுறவு என்கிற சொல் காலனி முற்றத்தில் ஒலிபெருக்கியில் கேட்டது. பெண்கள் பக்கம் முந்தானைகள் வாய்க்குப் போயின. மாமன்மார் யாரும் கேலி பேசவில்லை. சின்னையன் குனிந்து, காலடி மண்ணை விரலால் கீறிக்கொண்டிருந்தார். எழுந்து போகவில்லை.

“இதுல டம்ளரும் தண்ணியும் சும்மா வெளையாட்டுக்கு. டம்ளர்ல வராது. சோத்துல வராது. கஞ்சில வராது,” என்றான். கஞ்சி என்னும்போது குரல் உடைந்தது.

தில்லையம்மாள் உட்கார்ந்தபடியே கேட்டாள். “அப்ப அன்னிக்கே இத ஏன் சொல்லல?”

“வெக்கமா இருந்துச்சு அத்த.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு ஜெயராணி உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பிப் பார்த்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். கூட்டம் கலைந்தது. போகிறபோது இரண்டொரு பெண்கள் ஜெயராணியிடம், “சாப்ட்டியா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மாசக் கணக்காக யாரும் கேட்காத கேள்வி.

அந்தத் தெம்பில்தானோ என்னவோ, அவள் எழுந்து போய் மேசைமேல் இருந்த டம்ளர்களைப் பழைய பழக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கத் தொடங்கினாள். நீலம் காய்ந்தால் போகாது. உடனே புளி போட்டுத் தேய்க்கவேண்டும்.

கொளஞ்சியம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள். கோபமில்லை, வெறுப்பில்லை. கூடப் பிறந்தவளிடம் பேசுகிற குரலில்தான் சொன்னாள்.

“நீ வையிக்கா. நான் கழுவிக்கிறேன்.”

ஜெயராணி டம்ளர்களைத் திரும்ப மேசைமேல் வைத்தாள். அடுக்கிய வரிசை குலையாமல் வைத்தாள்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா வந்து கூப்பிட, இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். அருள்முருகனைச் சுற்றி மைக் செட்காரனும் பையன்களும் நின்றதால் அவன் பின்தங்கிவிட்டான். ஊர்த்தெரு டீக்கடையில் ஒரு காலத்தில் காலனிக்காரர்களுக்கென்று மூங்கில் கழியில் தனி டம்ளர் தொங்கும். குடித்துவிட்டு அவரவரே கழுவி மாட்டிவிட்டு வரவேண்டும். சின்னையன் அந்த டம்ளரில் குடித்து வளர்ந்தவர். அதன் நெளிசல்கூட ஞாபகம் இருக்கிறது என்று எப்போதாவது சொல்வார். அன்று முனைக்கல்லருகே நின்று துண்டை உதறித் தோளில் போட்டார்.

“எனக்காவது கழுவ வுட்டாங்க, ராணி,” என்றார்.

 அவள் வீட்டுக்குப் போய் உலை வைத்தாள். மூன்று பேருக்கான அரிசி. அதில் வடிகிற கஞ்சி ஒரு டம்ளருக்குச் சரியாக இருக்கும்.